கத்தரித்த படமும் உண்மையும்

சொல்லப்பட்ட பொய்யை உலகம் எளிதில் இனங்கண்டு கடிகின்றது. சொல்லாது விடப்பட்ட உண்மையோ அத்துணை எளிதில் அகப்படுவதில்லை. டிஜிற்றல் புகைப்படத்தின் ஓரங்களைக் கணினியிற் கத்தரிக்கும் இன்றைய வழக்கம் இப்பழைய அறவினாவை மீண்டும் எழுப்புகின்றது.

குறிகட்டுவான் துறையிற் படகேறி நயினாதீவை அணுகுவோர்க்கு நாகபூசணி அம்மன் கோயிற் கோபுரமும் நாகதீப விகாரையின் தூபியும் ஒரே கரையிற் காட்சி தரும். ஒன்று சைவர் போற்றும் சக்தித்தலம். மற்றது புத்தர் பெருமான் எழுந்தருளியதாகப் பௌத்தர் நம்பும் தலம். இரண்டையும் அடக்கிய படமொன்றின் ஒரு புறத்தை நீக்குதல் கணப்பொழுதுச் செயல். எஞ்சும் படத்தில் ஒரு புள்ளியேனும் பொய்யன்று. ஆயினும் அதன்கீழ் 'நயினாதீவு' என்று எழுதப்படின், தீவு ஒரு சாராருக்கே உரியது என்னும் பொய்யை அப்படம் உரைத்துவிடுகின்றது.

கமரா எடுக்கும் படம் யாவும் முன்னரே கத்தரிக்கப்பட்டதன்றோ எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. வில்லையின் எல்லைக்குள் உலகு முழுவதும் அடங்குவதில்லை, தெரிவின்றிப் படமில்லை. ஆகவே வெட்டுதல் தன்னளவிற் குற்றமாகாது. படம் எதற்குச் சான்று பகர முன்வருகின்றது என்பதே அளவுகோல். 'அம்மன் கோயிற் கோபுரம்' எனத் தலைப்பிட்ட படத்தில் விகாரை இல்லாமை வஞ்சகமன்று. தீவின் பெயரைத் தாங்கும் படமோ தீவு முழுமைக்கும் பேசுகின்றது. வெட்டு ஒன்றே, தலைப்பு மாற அறமும் மாறுகின்றது. நெடுந்தீவுக் குதிரைகளை அழகுறக் காட்டி, அவை கோடையில் நீரின்றி வாடும் வரண்ட நிலத்தை நீக்கும் படத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

அளவு மாற்றுதலும் இத்தகையதே. நீள அகலங்களை ஒரே விகிதத்திற் குறைத்தால் நுணுக்கம் குன்றுமேயன்றி வடிவம் திரிவதில்லை. பெருப்பிக்கும்போதோ, இல்லாத புள்ளிகளை அயற்புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் ஊகித்து நிரப்புகின்றது. 1982 பெப்ரவரியில் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை, அகன்ற படமொன்றை நெடிய அட்டையில் அடக்கும்பொருட்டுக் கீசாவின் பிரமிட்டுகளை நெருக்கி வைத்துக் கண்டனத்துக்குள்ளாயிற்று. அங்கே இடத்தேவை உண்மையை வென்றது.

நீக்கிய பகுதியைப் பின்னர் காண நேர்பவர், தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவாரா? கத்தரிப்பவர் தம்மைத்தாமே கேட்க வேண்டிய வினா இதுவாகும். மூலப்படத்தை அழியாது பேணுதலும் அவர்தம் கடமையே. அயலவன் வழிபடும் இடத்தைப் படத்திலிருந்து நீக்குதல் எளிது. அத்தகைய படங்களை மட்டுமே கண்டு வளரும் தலைமுறையோ, நிலத்திலும் அவனுக்கு இடமில்லை என்று எண்ணத் தலைப்படும்.