மீண்டெழுதல்: முயற்சியா, அருளா?

தோல்விகளில் துவண்ட அணி மீண்டு வெல்வது முயற்சியாலா, அருளாலா? திருக்குறள் ஊழுக்கும், விடாமுயற்சியைக் குறிக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்து, இரண்டையும் விடாமல் பேசுகிறது.

கணினி விளையாட்டில் இதற்குச் சான்று, 'டோட்டா 2' ஆடிய ஐரோப்பிய அணியான ஓஜி. மோசமான பருவத்தின் முடிவில், 2018 மே மாதம், முக்கிய வீரர்கள் விலகினர். பயிற்சியாளரே ஆட்டக்காரரானார், பெரிய அரங்குகளைக் காணாத டாப்சன் என்னும் வீரர் சேர்ந்தார். எவரும் பங்கேற்கக்கூடிய திறந்த தகுதிச் சுற்றில் தொடங்கிய அந்த அணி, ஆகஸ்டில் வான்கூவரில் நடந்த 'தி இன்டர்நேஷனல்' உலகப் போட்டியின் இறுதியில் 1–2 எனப் பின்தங்கியும், சீனாவின் பிஎஸ்ஜி.எல்ஜிடி அணியை 3–2 என வென்றது.

ஸ்ரீபெரும்புதூரில் மரபுப்படி 1017இல் பிறந்த வைணவ ஆசான் இராமானுசர், பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில், முயற்சியா அருளா என்ற இக்கேள்வியைத் தொடுகிறார். உயிர் முதலில் முயல்கிறது. அம்முயற்சியைப் பார்த்து இறைவன் அனுமதி தந்து செயலை நடத்துகிறான். அவருக்குப் பின்வந்த வைணவர் வடகலை, தென்கலை என இரு பிரிவாயினர். வடகலையாருக்கு உயிர், தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டி. தென்கலையாருக்கோ தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி. அவர்கள் வாதிட்டது வீடுபேற்றைப் பற்றி, கோப்பையைப் பற்றியல்ல. ஆயினும் சிக்கல் ஒன்றே.

ஓஜிக்கு இராமானுசரின் நிலையே பொருந்துகிறது. தகுதிச் சுற்றில் இறங்கியது அணியின் செயல். எதிரணி தடுமாறும் கணம் அதன் கையில் இல்லை. வெறும் அதிர்ஷ்டம் என்றும் தள்ள முடியாது: 2019இல் ஷாங்காயில் அதே ஐவர் மீண்டும் பட்டம் வென்றனர்.