இந்த மண்ணில் நாம் விருந்தாளிகள்



லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இஸ்ரயேலருக்கு நிலச் சட்டம் கொடுக்கிறார். நிலத்தை அறுதியாக விற்கக் கூடாது என்கிறார். நிலம் அவருடையது, மக்கள் அவரிடம் தங்க வந்தவர்கள் என்பதே காரணம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை 99 ஆண்டுக் குத்தகையில் வாங்கிக் குடியிருக்கும் நமக்கு இது புரியாததல்ல. ஆனாலும் ஊர் நம்முடையது என்ற நினைப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது.

இந்த மண் நம்மைவிட எவ்வளவு மூத்தது என்று பாருங்கள். புக்கிட் தீமா குன்றில் பலரும் ஏறியிருப்பீர்கள். 164 மீட்டர்தான், ஆனால் நம் தீவின் மிக உயர்ந்த குன்று அதுதான். அடுத்த முறை போகும்போது அதன் கருங்கல்லைக் கிட்ட நின்று பாருங்கள். வெள்ளை மணிகளும் பளிங்கு மணிகளும் கரும்புள்ளிகளும் கலந்திருக்கும். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன், பூமியின் ஆழத்தில் பாறைக் குழம்பு மிக மெதுவாக ஆறியது. அதனால்தான் அந்த மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன. படைத்தவர் அவசரப்படவில்லை.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் நம் ஊரோடு ஒரே நிலமாகக் கிடந்தன. பனி உருகிக் கடல் ஏறிய பிறகே சிங்கப்பூர் தீவானது.

மனிதர்களும் நமக்கு வெகு முன்னரே வந்துவிட்டார்கள். ஃபோர்ட் கேனிங் குன்றில் 1928-இல் மண் தோண்டிய தொழிலாளர்களுக்கு 14-ஆம் நூற்றாண்டுப் பொன்நகைகள் கிடைத்தன. 1984-இல் தொடங்கிய அகழாய்வில் பீங்கானும் கண்ணாடி மணிகளும் வெளிவந்தன. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் சுமார் மூன்று மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 50 வரி எழுத்துகளோடு ஒரு மணற்கல் நின்றது. 1843-இல் கட்டுமானத்துக்கு இடம் வேண்டும் என்று அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை இன்றுவரை எவராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. முன்பே இருந்தவர்கள் சொன்னது என்ன என்று கேட்குமுன் வாயை அடைத்துவிட்டார்கள்.

நம் முன்னோரும் இங்கே வந்தவர்கள்தான். சிராங்கூன் சாலைப் பக்கம் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்த காலத்தில், தமிழர் அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஓப்பீர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் 1888-இல் எழுந்தது. தங்க இடம் கிடைத்த மக்கள் நாம்.

ஆகவே இன்று ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைத் தேக்காவில் கூடும் கட்டுமானத் தொழிலாளர்களைக் கண்டு, "என்ன கூட்டம் இது!" என்று முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் புதுக்கோட்டையிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நம் வீடுகளைக் கட்ட வந்தவர்கள். ஒருவரிடமாவது நின்று பெயர் கேளுங்கள், ஊர் கேளுங்கள், பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுப் பணிப்பெண்ணின் ஓய்வு நாளில் கை வைக்காதீர்கள். உங்கள் பக்கத்து இருக்கையில் புதியவர் யாரேனும் இருந்தால், அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போங்கள்.

நிலத்தின் சொந்தக்காரர் நம்மை ஒருநாளும் அந்நியராக நடத்தியதில்லை. நமக்குப் பின்னால் வந்தவர்களை நாமும் அப்படியே ஏற்க அவரிடம் வரம் கேட்போம். ஆமென்.