கையெழுத்தும் பொறுப்பும்

அமெரிக்கப் பல்கலைக் கழகம் ஒன்றிலிருந்து அந்நிய நாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவன், விமானம் ஏறுவதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரு கட்டுக் காகிதத்தை நிரப்பியாக வேண்டும். பாஸ்போர்ட்டின் நகல், போட்டுக்கொண்ட தடுப்பு ஊசிகளின் விவரம், நோய் வந்தால் செலவுக்கு இன்ஷ்யூரன்ஸ், எந்தத் தேதியில் எந்த ஊரில் இருப்பான், ஆபத்து என்றால் யாருக்குத் தகவல் கொடுப்பது என்று அது நீண்டுகொண்டே போகும். பிறகு ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்வார்கள். போகிற நாட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அங்கே சொல்லித் தருவார்கள். இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடக்கூடிய ஒரு டெலிபோன் எண்ணும் கொடுப்பார்கள். பெற்ற பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, ராத்திரியில் மணி அடித்தால் திடுக்கிட்டு எழுந்திருக்கும் தாய் தந்தையர் இதையெல்லாம் கேட்டால், அந்த நிர்வாகத்தைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நானும் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தக் கட்டில் ஒரு காகிதம் மட்டும் வேறு ரகம். நோயோ, காயமோ, மரணமோ எது நேர்ந்தாலும் அதற்குப் பல்கலைக் கழகத்தின் மேல் குற்றம் சாட்டமாட்டேன்; அபாயங்களை அறிந்தே, என் சொந்த விருப்பத்தின் பேரில் போகிறேன் என்ற கருத்து அதில் இருக்கும். மற்றக் காகிதங்கள் எல்லாம் மாணவனை நினைத்து எழுதப்பட்டவை. இது ஒன்றுதான் பல்கலைக் கழகம் தன்னை நினைத்து எழுதிக்கொண்டது. இருபது வயதுப் பையன் இதைப் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுகிறான்? நாம் மட்டும் இன்ஷ்யூரன்ஸ் பாலிசியைப் படித்துவிட்டா கையெழுத்திடுகிறோம்!

கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு கை மாறிவிடுமா என்பதுதான் கேள்வி. சட்டம் என்ன சொல்லும் என்பதை வக்கீல்களுக்கு விட்டுவிடலாம்; அதுவே ஊருக்கு ஊர் மாறுகிறது. தர்மம் என்ன சொல்லும் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பல்கலைக் கழகத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் தாய் தந்தையரின் ஸ்தானத்தில் இருந்து மாணவர்களைக் கட்டி ஆண்டன. எப்போது விடுதிக்குத் திரும்ப வேண்டும், யாருடன் பழகலாம் என்பது வரைக்கும் அவை வைத்ததுதான் சட்டம். 1960-ல் அலபாமா மாநிலத்தில், சாப்பாட்டு விடுதியில் கறுப்பினத்தவருக்கு இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து உட்கார்ந்த மாணவர்களை அவர்களுடைய கல்லூரி விசாரணை இல்லாமலே வெளியேற்றியது. அது செல்லாது என்று 1961-ல் மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்போடுதான் கல்லூரியின் 'பெற்றோர்' அதிகாரம் சரியத் தொடங்கியது என்பார்கள். நல்லதுதான். குழந்தைகள் அல்ல நாங்கள் என்று மாணவர்கள் போராடிப் பெற்ற உரிமை அது. குழந்தை அல்ல என்றால், தன் உயிருக்குத் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பதில் என்ன தவறு?

அதே பல்கலைக் கழகம், மாணவன் வெளிநாடு போகும்போது மட்டும் பழைய அதிகாரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. மோட்டார் சைக்கிள் ஏறாதே, இரவில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம், சொல்லாமல் ஊரை விட்டுப் போகாதே என்றெல்லாம் விதிகள் போடுகிறது. வீட்டில் அம்மா சொன்னது போதாதா என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். எந்த உரிமையில் சொல்கிறீர்கள் என்று கேட்டால், நிர்வாகம் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். தாயின் ஸ்தானம் போய்விட்டதே!

என் அபிப்பிராயத்தில் அது தாயும் அல்ல; டிக்கெட் விற்பவனும் அல்ல. மாணவனிடம் இல்லாத ஒன்று அதனிடம் இருக்கிறது. ஞாபகம். மாணவன் ஒரு முறை போகிறான். அந்த ஊரில் எல்லாமே அவனுக்கு முதல் தடவை. பல்கலைக் கழகமோ அதே ஊருக்கு முப்பது வருஷமாகப் பிள்ளைகளை அனுப்பி வருகிறது. யார் எங்கே விழுந்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்துப் படுத்தார்கள், எந்த வண்டி கவிழ்ந்தது என்பதெல்லாம் அதன் அலமாரியில் இருக்கிறது. அதன் பொறுப்பு அந்த அலமாரியிலிருந்துதான் பிறக்கிறது.

நம் நாட்டுச் சாலையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. கப்பலில் உலகைச் சுற்றிக்கொண்டே படிக்கும் ஒரு திட்டத்தில் சேர்ந்திருந்த அமெரிக்க மாணவர்கள், 1996 மார்ச் மாதம் தாஜ்மகாலைப் பார்க்க டில்லியிலிருந்து ஆக்ராவுக்குப் பஸ்ஸில் போனார்கள். இரவு நேரம். பஸ் விபத்துக்குள்ளாகி மாணவர்கள் நான்கு பேர் உயிரிழந்தார்கள். டில்லிக்கும் ஆக்ராவுக்கும் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். படத்தை வைத்துக்கொண்டு பார்க்கும் அமெரிக்கப் பையனுக்கு அது இரண்டு மணி நேரத்து வழி. அவன் ஊரில் அப்படித்தான். நமக்கல்லவா தெரியும், இரவில் நம் நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று! பின்விளக்கு இல்லாமல் நடு ரோட்டில் நிற்கும் லாரி, திடீரென்று வெளிச்சத்தில் முளைக்கும் மாட்டு வண்டி, எதிர்ப்பக்கத்தில் கண்ணைக் குருடாக்கிக்கொண்டு வருகிறவன். இருபது வயதில் தாஜ்மகாலைப் பார்க்கும் ஆவலில் இருப்பவனுக்கு இது தெரிய நியாயம் இல்லை. "அபாயங்களை அறிந்தே போகிறேன்" என்று அவன் எழுதிக் கொடுத்தால், அந்த வாக்கியத்தில் 'அறிந்தே' என்ற சொல் பொய். பொய் சொன்னவன் அவனா, எழுதி வாங்கியவர்களா?

அதற்கு முந்திய ஆண்டு, 1995-ல், துருக்கியில் நடந்த பஸ் விபத்தில் ஓர் அமெரிக்க மருத்துவ மாணவர் இறந்தார். படிப்பு முடியும் தறுவாயில் இருந்தவர். அவருடைய தாயார் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. சாலைப் பயணப் பாதுகாப்புக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். எந்த நாட்டில் எந்தச் சாலை எப்படி, இரவில் போகலாமா, மலைப் பாதை எங்கே என்று நாடு நாடாக எழுதிப் பிரயாணிகளுக்குக் கொடுக்கும் சங்கம் அது. ஒரு தாய் செய்ததை, அலமாரி நிறையக் காகிதம் வைத்திருக்கும் ஸ்தாபனம் செய்யக் கூடாதா?

அமெரிக்க அரசாங்கம் 2018 ஜனவரியிலிருந்து உலக நாடுகளை நான்கு படிகளாகப் பிரித்து அறிவிக்கிறது. முதல் படி சாதாரண ஜாக்கிரதை. நான்காம் படி போகவே போகாதே. மூன்றாவது, நான்காவது படியில் உள்ள நாட்டுக்கு மாணவன் போக வேண்டுமென்றால், பல பல்கலைக் கழகங்களில் ஒரு குழு கூடி யோசித்துத்தான் அனுமதி கொடுக்கிறது. சரியான ஏற்பாடுதான். ஆனால் வெளிநாடு போகும் ஆரோக்கியமான அமெரிக்கர்கள் இறப்பதற்கு முதல் காரணம் பயங்கரவாதியும் அல்ல, புரட்சியும் அல்ல, சாலை விபத்து. முதல் படி நாட்டில் இரவு பஸ் ஏறுகிறவனுக்காக எந்தக் குழுவும் கூடுவதில்லை.

மிக அபூர்வமான ஆபத்தைக்கூடச் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். கனெக்டிகட் மாநிலத்தில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே வந்தது. அது பல்கலைக் கழகம் அல்ல, உயர்நிலைப் பள்ளி; ஆனாலும் விஷயம் ஒன்றுதான். 2007-ம் ஆண்டுக் கோடையில் சீனாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட மாணவிகளில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஒரு மலையிலிருந்து காட்டுப் பாதை வழியாக இறங்கி வந்தாள். மற்றவர்களில் பலர் கேபிள் காரில் வந்துவிட்டார்கள். சில நாட்களில் அவளுக்கு உண்ணிக்கடியால் வரும் மூளைக் காய்ச்சல் கண்டது. உயிர் பிழைத்தாள். பேச்சு போய்விட்டது.

பூச்சி விரட்டும் மருந்தைப் பற்றிப் பள்ளி ஒன்றுமே சொல்லவில்லையா என்றால், சொல்லியிருந்தது. கொண்டுவர வேண்டிய சாமான்களின் ஜாபிதாவில், 'இதர சாமான்கள்' என்ற தலைப்பின் கீழ் அது இருந்தது. சுகாதார விவரத்துக்காகக் கொடுத்த முகவரியோ சீனாவுக்குப் பதில் மத்திய அமெரிக்காவைப் பற்றிய பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டது. 2013-ல் ஜூரிகள் நாலு கோடியே பதினைந்து லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார்கள். இப்படிப்பட்ட தீர்ப்பு வந்தால் பள்ளிகள் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதையே நிறுத்திவிடும் என்று வாதம் எழுந்தது. 2017-ல் மாநில உச்ச நீதிமன்றம், அபூர்வமான நோயானாலும் எச்சரிக்க வேண்டிய கடமை பள்ளிக்கு உண்டு என்று சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தொகையைவிட 'இதர சாமான்கள்' என்ற இரண்டு சொற்கள்தான் மனசை உறுத்துகின்றன. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இருந்திருக்காது. சோப்பு, சீப்பு, பூச்சி மருந்து என்று அவசரத்தில் எழுதியிருப்பார்.

எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் யார் காதில் விழும் என்ற ஆட்சேபம் இருக்கிறதே, அதைத் தள்ளிவிட முடியாது. இருநூறு அபாயங்களை வரிசையாக அச்சிட்டுக் கொடுப்பதும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஜாபிதா கோர்ட்டில் எடுத்துக் காட்டத்தான் உதவும். சொல்வது என்றால், இந்தப் பையன் இந்த ஊருக்குப் போகிறான், இவனுக்கு இந்த மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று பொறுக்கி எடுத்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வது. போன வருஷம் போய் வந்த மாணவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. அப்படிச் சொல்லக் கேட்ட பிறகும் போகிறேன் என்று அவன் போனால், அது அவன் துணிச்சல், அவன் சுதந்திரம். அப்போது போடுகிற கையெழுத்துக்கு அர்த்தம் உண்டு. சொல்லாமல் வாங்கும் கையெழுத்து, சரக்கு வந்து சேராமலே வாங்கிக்கொண்ட ரசீது.

தெரிந்ததைச் சொல்லாமல் விட்ட கதைகளில் மிகப் பெரியது லாக்கர்பியின் கதை. 1988 டிசம்பர் 5-ம் தேதி பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒருவன் டெலிபோன் செய்தான். பிராங்பர்ட்டிலிருந்து அமெரிக்கா போகும் பான் அம் விமானம் ஒன்றில் இரண்டு வாரத்துக்குள் குண்டு வைக்கப்படும் என்றான். செய்தி தூதரகங்களுக்குப் போயிற்று. மாஸ்கோவில் தூதரக ஊழியர்கள் பார்க்கும்படி ஒட்டியும் வைத்தார்கள். பொது ஜனங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 21-ம் தேதி, பிராங்பர்ட்டில் தொடங்கி லண்டன் வழியாக நியூயார்க் போகவேண்டிய பான் அம் 103, ஸ்காட்லாந்தில் லாக்கர்பி என்ற சிற்றூரின் மேல் வெடித்துச் சிதறியது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர் மாண்டார்கள். அவர்களில் 35 பேர், சிராக்யூஸ் பல்கலைக் கழகத்தின் திட்டத்தில் ஐரோப்பாவில் படித்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள்.

ஹெல்சிங்கி டெலிபோன் வெறும் புரளி, அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று விசாரித்தவர்கள் முடிவு செய்தார்கள். இருக்கட்டும். சொல்லியிருந்தால் எத்தனை பேர் வேறு விமானம் பிடித்திருப்பார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் தூதரக ஊழியனுக்கு யோசிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. லண்டனில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மாணவிக்குக் கிடைக்கவில்லை. பெற்றோர்களால் பொறுக்க முடியாமல் போனது அதுதான். 1990-ல் அமெரிக்கா சட்டம் செய்தது. அதன் பிறகு, அரசாங்க ஊழியர்களுக்கு ஒரு ஆபத்தைச் சொன்னால் சாதாரணக் குடிமகனுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய வெளிநாட்டு இலாகாவின் விதி ஆயிற்று.

சிராக்யூஸ் தன் லண்டன் திட்டத்தை மூடிவிடவில்லை. இறந்த 35 பேரின் நினைவாக ஆண்டுதோறும் 35 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை கொடுக்கிறது. லாக்கர்பியின் பள்ளியிலிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பேரை அழைத்து ஒரு வருஷம் படிக்க வைக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக் கூரை மேல் விமானம் விழுந்ததைக் கண்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு, அதே சமுத்திரத்துக்கு மேலே பறந்து போகிறார்கள்.