பொருத்தமற்ற விவரங்கள்

இளங்கலைத் தமிழ் முடித்த கையோடு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகிற பெண்கள் எங்கள் துறையில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். பெரும்பாலும் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். படித்து முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு என்னைப் பார்க்க வரும்போது, சட்டக் கல்லூரி எப்படி இருந்தது என்று கேட்பேன். விடுதிச் சாப்பாடு, ஆங்கிலத் தீர்ப்புகளை அகராதியோடு படித்த இரவுகள், 'தமிழ் மீடியமா?' என்ற கேள்வி எல்லாம் சொல்வார்கள். இவற்றுக்கு நடுவே, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆண்டுகளில் படித்தவர்கள் ஒரே அனுபவத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வகுப்பில் ஒரு வழக்கைப் பற்றிப் பேச எழுந்து, 'அந்தப் பெண்ணுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்' என்று தொடங்கியதும், 'அது ரெலவன்ட் இல்லம்மா, உட்காரு' என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

ரெலவன்ட். வழக்குக்குப் பொருத்தமானது. சட்டம் படித்த பெண்ணின் பேச்சில் பிறகு இந்தச் சொல் அடிக்கடி வந்து விழும். அம்மாவோடு சண்டை போடும்போதுகூட, 'அது இப்போ ரெலவன்ட் இல்ல' என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்ததாக ஒருத்தி சொன்னாள். எனக்கு எழும் கேள்வி இதுதான்: தன் உடம்பால் அறிந்த ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு வழக்கைப் பார்க்கப் பழகுவது அறிவு வளர்வதா, அல்லது அறிந்ததை இழப்பதா?

இழப்பு என்று உடனே சொல்லிவிட மனம் துடிக்கும். கவிதை எழுதுகிறவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிது. ஆனால் குடும்பநல நீதிமன்றத்தில் ஜீவனாம்ச வழக்குகள் நடத்தும் ஒரு மாணவி என்னை அவ்வளவு எளிதில் விடவில்லை. 'அம்மா, என்கிட்ட வர்ற அக்கா ரெண்டு மணி நேரம் அழுவாங்க. நானும் சேர்ந்து அழுதா அவங்களுக்கு மாசம் மூவாயிரம்கூடக் கிடைக்காது. எந்தத் தேதியில வீட்டைவிட்டுத் துரத்துனான், அவன் சம்பளம் எவ்வளவு, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், ஃபீஸ் ரசீது எங்க? இதைத்தான் நான் கேக்கணும்' என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியாது. அழுகையைத் தேதியாகவும் ரசீதாகவும் மாற்றத் தெரிந்த ஒருத்தி நமக்கு வேண்டும். விலகி நின்று பார்க்கும் பயிற்சி, யாரும் கேட்காத ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டே ஆகவேண்டிய பேச்சாக மாற்றுகிறது.

ஆக, விலகி நிற்பதில் எனக்குப் பிணக்கு இல்லை. எதிலிருந்து விலகச் சொல்கிறார்கள், எதன் பக்கத்தில் நின்றுகொள்ளலாம் என்கிறார்கள் என்பதில்தான் பிணக்கு.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் எவையெல்லாம் வழக்குக்குப் பொருத்தமான பொருண்மைகள் என்று பிரிவு பிரிவாக வகுத்தது. அண்மையில் 2024 ஜூலையில் அதன் இடத்தைப் புதிய சட்டம் பிடிக்கும்வரை, சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்தது அதைத்தான். அதன் 155ஆம் பிரிவில் நான்காவதாக ஓர் உட்பிரிவு இருந்தது. வல்லுறவு வழக்கில், புகார் தரும் பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை ஆட்டம் காண வைக்கலாம் என்றது அது. 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது. நூற்று முப்பது ஆண்டுகள்! அவ்வளவு காலம், அவள் இதற்கு முன்பு யாரோடு பழகினாள் என்பது பொருத்தமான விவரம். காக்கிச் சட்டைக்கு முன்னால் அவள் தொண்டை அடைத்துக்கொண்டது பொருத்தமற்ற விவரம். உணர்ச்சியை வெளியே நிறுத்திவிட்டோம் என்று வகுப்பறை சொல்லும்போது, எந்த உணர்ச்சி ஏற்கெனவே சட்டப் பிரிவாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று மாணவி திருப்பிக் கேட்கலாம். பெண்ணின் நடத்தை பற்றிய ஆணின் சந்தேகமும் ஓர் உணர்ச்சிதானே.

மதுரா வழக்கு எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் ஏதோ ஒரு தாளில் வந்துவிடும். 1972 மார்ச்சில், மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் பதின்பருவப் பழங்குடிப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை. கீழ் நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. செயலற்றுக் கிடப்பதை இசைவு என்று கொள்ள முடியாது என்று மும்பை உயர்நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்சநீதிமன்றம் அவர்களை மறுபடி விடுவித்தது. அவள் உடம்பில் காயம் இல்லை, கூச்சலிடவில்லை என்பதெல்லாம் அங்கே எடைபோடப்பட்டன. இதைப் படித்த நாளைப் பற்றி மாணவிகள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. ஆசிரியரின் தொண்டைச் செருமல். ஒரு கல்லூரியில், 'இந்தப் பகுதியை கேர்ள்ஸ் ரூம்ல போய்ப் படிச்சுக்கங்க' என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாராம். தேர்வில் கேள்வி வந்தது. தீர்ப்பின் தேதியையும் திருத்தத்தின் பிரிவு எண்ணையும் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன் என்றாள் அவள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தேவைப்படவில்லையாம்.

இதே வழக்கில்தான், விலகி நிற்பதும் கோபப்படுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கான சான்றும் இருக்கிறது. 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். நால்வரும் சட்டம் கற்பித்தவர்கள், டெல்லியிலும் புனேயிலும். காவல் நிலையத்துக்குள் ஓர் ஏழைச் சிறுமியால் எப்படிக் கூச்சலிட முடியும், இணங்குவதும் இசைவதும் எப்படி ஒன்றாகும் என்று சட்டத்தின் மொழியிலேயே கேட்டார்கள். அவள் வயதும், வறுமையும், அந்தக் கட்டடமும் வழக்குக்குப் பொருத்தமான விவரங்கள் ஆயின. நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவு சேர்ந்தது. காவலில் நடந்த வல்லுறவு வழக்கில் உடலுறவு நடந்தது நிரூபணமாகி, தான் இசையவில்லை என்று பெண் சாட்சி சொன்னால், இசைவு இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். மதுராவுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கண்டிப்பான சட்டப் பயிற்சி பெற்ற நான்கு பேர் அந்தப் பயிற்சியை விட்டுவிடாமலே கோபப்பட்டார்கள். தீர்ப்பைச் சொல்லித்தருகிற வகுப்பில் இந்த மடலையும் முழுதாகப் படிக்கவைத்தால் அந்த மாணவியின் விடைத்தாள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நான் தமிழ் ஆசிரியை என்பதால் சொற்களில்தான் கண் போகிறது. 1916இல், சட்டப் பட்டம் பெற்ற ரெஜினா குஹா வழக்காடப் பதிவு கேட்டபோது, சட்டத்தில் உள்ள 'நபர்' பெண்ணைக் குறிக்காது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் திருப்பியனுப்பியது. பட்டம் கொடுக்கும்போது நபர், வழக்காட வரும்போது நபர் இல்லை. 1923இல் தனிச் சட்டம் இயற்றித்தான் பெண்களை உள்ளே விட்டார்கள். கதவு திறந்தபிறகும் உள்ளே இருந்த சொற்கள் இடம் மாறவில்லை. தீங்கியல் பாடத்தில் கவனத்தை அளக்கும் முழக்கோல் 'நியாயமான மனிதன்'; ஆங்கிலத்தில் வெளிப்படையாகவே ஆண்.

தமிழிலும் நாம் தப்பவில்லை. ஆங்கிலச் சட்டம் 'மாடஸ்டி' என்றதை நம் செய்தித்தாள்கள் 'மானபங்கம்' என்று எழுதிப் பழகிவிட்டன. மானம் என்றால் நம்மூரில் யாருடைய மானம்? அப்பாவுடையது, அண்ணனுடையது, தெருவுடையது. ஒருவன் அவள்மேல் கை வைத்தான் என்பது அந்தச் சொல்லுக்குள் காணாமல் போய், அவளிடம் இருந்த குடும்பப் பொருள் ஒன்று உடைந்துபோனதாக ஆகிவிடுகிறது. தொல்காப்பியம் அச்சத்தைப் பெண்ணின் இயல்பென்று வகுத்தது. அதையே அழகு என்று சொல்லி வளர்த்தோம். பேசாதே, குரலை உயர்த்தாதே என்று பதினைந்து வயதுவரை சொல்லிக்கொடுத்துவிட்டு, பதினாறாம் வயதில் ஏன் கத்தவில்லை என்று கேட்கிறோம்.

மேடைகளில் கண்ணகியை முதல் பெண் வழக்கறிஞர் என்று பாராட்டுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஒப்புதல் இல்லை. கோவலன் செத்த பிறகு கிடைத்த விசாரணை அது. ஆனால் ஒன்று உண்டு. விரித்த கூந்தலும் கண்ணீருமாகத்தான் அவள் பாண்டியன் அவைக்குள் போனாள். கண்ணீரைத் துடைத்துவிட்டு வா என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற சான்றும் அவள் கையில் இருந்தது. இரண்டும் ஒரே அவையில் இருந்தன.

ஜாமீன் கேட்டவனைப் பாதிக்கப்பட்ட பெண்ணிடமே ராக்கி கட்டிக்கொள்ளச் சொன்ன மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் நிபந்தனையை 2021இல் உச்சநீதிமன்றம் நீக்கியது. பாலின உணர்வுக் கல்வி சட்டப் படிப்பிலேயே இடம்பெற வேண்டும் என்றும் சொன்னது. கல்லூரிகளில் அது ஒரு தாளாக வந்து, இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிடுமோ என்பது என் கவலை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தொலைபேசியில் கேட்டாள்: 'அம்மா, பாஸிவ் சப்மிஷன்னா தமிழ்ல எப்படி எழுதறது?' 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தாள். கணவன் மனைவியை வல்லுறவு கொள்வதைக் குற்றவியல் சட்டம் இன்றும் குற்றமாக ஏற்கவில்லை. இந்தச் சட்டமோ பாலியல் கொடுமையையும் வன்முறையில் சேர்க்கிறது. அதனால் அந்த இரவுகளைப் பற்றி மனுவில் எழுத இடம் இருந்தது. இணங்குதல், பணிதல், அடங்கிப்போதல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். எதைச் சொன்னாலும் அவள் சம்மதத்தில் ஒரு துளி அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. உன் கட்சிக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். 'மரத்துப்போய்க் கிடப்பேன்னு சொன்னாங்க' என்றாள்.

அதையே எழுதினாள், மேற்கோள் குறிக்குள். சீனியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'இம்மெட்டீரியல்' என்று ஓரத்தில் எழுதித் தந்தாராம். இரண்டு நாள் கழித்து, அந்தப் பத்தியை மறுபடி சேர்த்து, அது ஏன் வழக்குக்குப் பொருத்தமானது என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவைக் காட்டி இன்னொரு பத்தியும் எழுதி அவர் மேசையில் வைத்திருக்கிறாள். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். மனு எண் ஆகிவிட்டது. எதிர்த்தரப்பு மூன்றாவது முறையாக வாய்தா கேட்டிருக்கிறது.