காதில் விழுந்ததெல்லாம் சாட்சியாகுமா?

 

அண்மையில் கந்தர்வக்கோட்டையில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகனின் குரலில் ஓர் இரவு போன் வந்திருக்கிறது. "அத்தா! போலீசில் சிக்கிக்கொண்டேன்; யாரிடமும் சொல்லாமல் உடனே பணம் அனுப்புங்கள்" என்று ஒரே அழுகை. மகளின் நிக்காஹுக்காக முந்திரிக் கொட்டை விற்றுச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அனுப்பத் துணிந்துவிட்டார். அதற்குள் அவருடைய மனைவி, மகனின் வழக்கமான எண்ணுக்குப் பேசிப் பார்த்தார். மகனோ அங்கே நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தான்! அல்ஹம்துலில்லாஹ், பணம் தப்பியது.

"ஆனால் ஹஜ்ரத், அடுத்த வாரம் மகனே பேசியபோது, நீதானா என்று துருவித் துருவிக் கேட்டேன். 'பெற்ற பிள்ளையையே சந்தேகப்படுகிறீர்களா அத்தா?' என்று மனம் நொந்துவிட்டான். நான் செய்தது தவறா?" என்று கண் கலங்கினார்.

செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய விஞ்ஞானம், சில விநாடிக் குரல் பதிவைக் கொண்டே, ஒருவர் பேசாததையும் அவர் குரலில் பேச வைத்துவிடுகிறது. 2018-இல் மறைந்த கலைஞர் மு. கருணாநிதி அவர்கள் 2024-இல் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி உரையாற்றினார். அதே ஆண்டு 'லால் சலாம்' படப் பாடலில், காலஞ்சென்ற பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களும் குடும்பத்தாரின் அனுமதியுடன் ஒலித்தன. அனுமதி பெற்றுச் செய்பவர் கையில் உள்ள கருவி, திருடன் கைக்கும் வந்துவிட்டது.

இத்துறையின் முன்னோடியும், 2024-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான ஜெஃப்ரி ஹிண்டன், 2023-இல் கூகுள் நிறுவனத்தை விட்டு விலகினார். எது உண்மை என்று சாமானியர் அறிய முடியாத காலம் வரலாம் என்று அப்போது எச்சரித்தார். எண்ணிப் பாருங்கள்! பொய் மெய்போல் வரும் காலத்தில், மெய்யையும் பொய்யென்று தள்ளிவிடலாம். குற்றம் செய்தவன், "அது என் குரலே அல்ல" என்பான். சாட்சியம் சாய்ந்துவிட்டால் நம் பேரப்பிள்ளைகளுக்கு நீதி எங்கே கிடைக்கும்?

மார்க்கம் இதற்கு வழிகாட்டாமல் விடவில்லை. தீயவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் தஆலா கட்டளையிடுகிறான். இமாம் புகாரி (ரஹ்) போன்ற மேதைகள், ஒரு ஹதீஸ் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்த பிறகே அதனை ஏற்றார்கள்.

அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் ஒருமுறை கலீபா உமர் (ரலி) அவர்களின் வாசலில் மும்முறை அனுமதி கேட்டு, பதில் வராததால் திரும்பிவிட்டார்கள். காரணம் கேட்டபோது, அவ்வாறு திரும்பிவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை என்றார்கள். உமர் (ரலி) அவர்கள் அதற்குச் சாட்சி கேட்டார்கள்! அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அந்த உத்தமத் தோழர் பொய் சொல்வார் என்றா கலீபா அவர்கள் கேட்டார்கள்? இல்லை. நபிமொழி என்னும் அமானிதத்தைக் காக்கவே கேட்டார்கள்.

ஆகவே அந்தப் பெரியவருக்கு நாம் சொன்னோம்: "நீங்கள் மகனைச் சந்தேகிக்கவில்லை, மகனின் பெயரில் வந்த குரலைத்தான் விசாரித்தீர்கள்." பிள்ளைகளே, தாய் தந்தையர் கேட்டால் கோபப்படாதீர்கள். நீங்களே முன்வந்து, வீட்டாருக்கு மட்டும் தெரிந்த அடையாளச் சொல் ஒன்றைப் பேசி வையுங்கள். பணம் கேட்டுக் குரல் வந்தால், போனை வைத்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். கேட்டதையெல்லாம் பிறருக்கு அனுப்பாதீர்கள். கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்பது நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை.

உண்மையைப் பகுத்தறியும் தெளிவையும், ஒருவரையொருவர் நம்பி வாழும் பாக்கியத்தையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.