சோற்றை நிறுத்தும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள்

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரா நீங்கள்? இன்சுலின் குத்திக்கொள்கிறவரா? நாளை முதல் கீட்டோ என்று முடிவெடுத்து முட்டையும் பன்னீரும் வாங்கி வைத்திருந்தால், தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

உடம்பைக் குறைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சோற்றைக் குறைப்பது நல்லதுதான். நம் தட்டில் அது தேவைக்கு மேலேதான் குவிகிறது. ஆனால் சாப்பாட்டைத் தலைகீழாக மாற்றிவிட்டு மாத்திரையை மட்டும் பழையபடி விழுங்குவது உயிரோடு விளையாடுகிற வேலை. இரண்டு வாரம் கீட்டோ, பிறகு இரண்டு வாரம் கொஞ்சம் சோறு, மறுபடி கீட்டோ என்று மாற்றி மாற்றிப் போகிறவர்களுக்கு இந்த ஆபத்து ஒரு முறையோடு முடிவதில்லை. மாறும்போதெல்லாம் வருகிறது.

கீட்டோ என்றால் நாளொன்றுக்கு மாவுச்சத்து ஏறக்குறைய 20 முதல் 50 கிராமுக்குள். மிதமாகக் குறைக்கும் முறையில் 130 கிராம் வரை போகலாம். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து மட்டும் சுமார் 28 கிராம். அதாவது கீட்டோக்காரருக்கு இரண்டு கரண்டி சோற்றிலேயே அன்றைய கணக்கு ஏறத்தாழ முடிந்துவிடும். மிதமாகக் குறைப்பவருக்கோ காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, பருப்பு, மாலையில் கொஞ்சம் சுண்டல் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் ஒரே அளவு மாத்திரை எப்படிப் பொருந்தும்?

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்திலிருந்து இன்சுலினை வரவழைத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு நான்கு இட்லிக்குப் பதில் பட்டர் டீயும் முட்டையுமாகக் கிளம்பினால், பதினோரு மணிக்குக் கை நடுங்கும், சட்டை வேர்வையில் நனையும், கண் இருட்டும். அந்த நேரத்தில் நீங்கள் பைக்கில் இருந்தால் எதிரே வருகிறவருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

இன்னொரு வகை இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் பெயர்கள். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியே தள்ளுபவை. ஒன்றின் காப்புரிமை 2020-லும் மற்றதன் காப்புரிமை 2025-லும் நம் நாட்டில் முடிந்து விலை இறங்கியதால், இன்று நிறையப் பேர் சீட்டில் இவை இருக்கின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்கிற மருந்துகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவற்றைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை அறவே நிறுத்தினால் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் கட்டுமீறிச் சேரக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே இந்த மருந்துகளால் வரும் அமில நிலை பற்றி எச்சரித்துவிட்டது. கொடுமை என்னவென்றால், அப்போதுகூட வீட்டு குளுக்கோமீட்டர் 160, 180 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

எனவே மாத்திரை அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பது பொடி எழுத்தில் இருக்கும். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருப்பது இப்போது சகஜம். மெடிக்கலில் ஐந்து, பத்து என்று வெட்டி வாங்குகிறவர்களுக்குப் பெயர் உள்ள பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த முறை முழு அட்டையாகக் கேளுங்கள், அல்லது வெட்டும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சோறு சாப்பிடும் வாரத்தில் இரத்தம் கொடுக்கிறீர்கள், சர்க்கரை ஏறியிருக்கிறது, அவர் மருந்தைக் கூட்டுகிறார். அடுத்த வாரம் நீங்கள் கீட்டோவுக்குத் தாவுகிறீர்கள், கூட்டிய மருந்தோடு. அவர் எழுதியது சரி, நீங்கள் விழுங்கியதும் சரி, ஆனாலும் மயங்கி விழுவீர்கள். சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம்தான் காரணம். பிபி மாத்திரைக்கும் இதேதான்: கீட்டோவின் தொடக்க நாட்களில் உப்பும் நீரும் உடம்பிலிருந்து இறங்கும், பழைய அளவே தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

எடை மிஷினைப் பார்த்து மயங்குகிறவர்களும் கேட்க வேண்டும். உடம்பு சேமித்து வைக்கும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. சோற்றை நிறுத்தியதும் அது கரைந்து, முதல் வாரத்தில் இரண்டு கிலோ காணாமல் போகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு பிரியாணி உள்ளே போனதும் அதில் ஒரு பங்கு திரும்பி வந்து உட்காரும். திங்கட்கிழமை பதறிப்போய் இன்னும் கடுமையாக இறங்குகிறார்கள். இறங்கி ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர்; தொப்பை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்த ஊஞ்சலுக்காகவா மருந்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள்?

கீட்டோ உணவு பிறந்தது இளைப்பதற்காக அல்ல. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோயாளிகளுக்காக முன்வைத்த முறை அது. இன்றும் வலிப்புள்ள குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில்தான் அதைத் தொடங்குகிறார்கள். அதை மருந்தாகவே எண்ணிக் கையாளுங்கள். மாறி மாறித்தான் போக வேண்டும் என்றால், எந்தத் தேதியில் எதற்கு மாறுகிறீர்கள், அன்று எந்த மாத்திரை எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு தாவல் வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், சர்க்கரை உள்ள பலருக்கு மிதமான முறையே போதும். ஐ.சி.எம்.ஆரும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வு, மொத்த ஆற்றலில் மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காட்டுக்கு இறங்கி, புரதம் ஏறினாலே சர்க்கரை நோய் தணிய வழியுண்டு என்று கணித்தது. நம்மவர்கள் பலர் சாப்பிடுவது 60-க்கு மேல். சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தில் கூட்டும் பொரியலும் மீனும் வைத்தாலே நல்ல தூரம் வந்துவிடலாம்.

பத்துக் கிலோ இறக்கிவிட்டு, பார்க்கிறவருக்கெல்லாம் 100 பாதாமும் பட்டர் டீயும் சிபாரிசு செய்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் உழைப்புக்கு வணக்கம். அடுத்தவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டுகிற தாய்க்கும் கீட்டோவைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

ஏற்கனவே தொடங்கிவிட்டவர்கள், குறிப்பாக அந்தக் கிளிஃப்ளோசின் வகை போடுகிறவர்கள், வீட்டில் உள்ளவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள்: விடாத வாந்தி, வயிற்று வலி, காரணமில்லாத அசதி, இழுத்து இழுத்து மூச்சு என்று ஏதாவது வந்தால் கேஸ் என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. குளுக்கோமீட்டர் என்ன காட்டினாலும் சரி, மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: இந்த மாத்திரை போடுகிறார், சோறு சாப்பிடுவதில்லை. இரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.