மகிழ்வது தகுமா?

நண்பர்களோடு மலையேறி, மாவெனப் பொழிந்த புதுப்பனியில் நாள் முழுதும் சறுக்கி மகிழ்வது கிறிஸ்தவனுக்குத் தகுமா? கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூரில், 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவால் வலையும் படகும் கறுத்த எண்ணூரில் வாழும் நமக்கு, இக்கேள்வி அந்நியமாகத் தோன்றலாம். ஆயினும், ஏழையரின் துயர் நடுவே மகிழலாமா என்பது நமது கேள்வியும் அன்றோ?

தம் வாழ்வாலேயே இதற்கு மறுமொழி தந்தார் ஒருவர். இத்தாலியின் துரின் நகரில் 1901-இல் செல்வக் குடும்பத்தில் பிறந்த பியர் ஜார்ஜியோ பிரசாத்தி, தோழர்களோடு ஆல்ப்ஸ் மலைகளில் ஏறினார். பனியில் சறுக்கி மகிழ்ந்தார். அவரே வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழையரின் இல்லப் படிகளிலும் ஏறினார். 1925-இல் இளம்பிள்ளைவாதத்தால் தமது 24-ஆம் வயதில் அவர் இறந்தபோது, இறுதி ஊர்வலத்தில் ஏழையர் திரண்டனர். திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 செப்டம்பர் 7 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார்.

மகிழ்ச்சி குற்றமன்று. ஓய்வுநாளை அருளிய இறைவன் அதை அடிமைக்கும் உரியதாக்கினார் (இணைச்சட்டம் 5:14). எனவே, 'நாம் மகிழலாமா?' என்பதோடு நின்றுவிடலாகாது. 'நம்மிடம் உழைப்பவருக்கு ஞாயிறு உண்டா?' என்றும் கேட்போம். துறைமுக லாரி ஓட்டுநருக்கும் ஒப்பந்தக் கூலியாளுக்கும் ஓய்வை மறுத்துவிட்டு நாம் எம்மலை ஏறினாலும், அங்கே இறைவனைக் காண்பது அரிது.